கொத்தனார் டேப்புக்கும் ஆசாரி டேப்புக்கும் இரண்டு நூல் ஏன் இடிக்கிறது?

கேள்வி இதுதான்: தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் வீடு கட்டுகிறார்கள். கொத்தனார் உள்ளூர்க்காரர், மரவேலைக்கு வருபவர் கேரளப் பக்கத்துப் பாறசாலை ஆசாரி. ஒரே அறையின் உள்ளகலம் கொத்தனார் டேப்பில் 12 அடி, ஆசாரி டேப்பில் 12 அடி 2 நூல். ஆசாரியின் டேப் நுனிக் கொக்கி வேறு லொடலொடவென்று ஆடுகிறது. யார் டேப்பை நம்புவது? கொக்கியைத் தட்டி இறுக்கிவிடலாமா? நிலத்தை அளந்தாலும் பத்திரத்தோடு ஒத்துப்போகவில்லையே, அதற்கும் டேப்தான் காரணமா? புதிதாக வாங்குவதென்றால் எதை வாங்குவது?

முதலில் கொக்கி. தயவுசெய்து தட்டாதீர்கள். அது ஆட வேண்டியதுதான்.

கொக்கியைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு அல்லது மூன்று ரிவெட் அடித்திருப்பார்கள். ரிவெட் போகிற துளை வட்டமாக இல்லாமல் கொஞ்சம் நீளவாக்கில் இருக்கும். கொக்கி முன்னும் பின்னும் நகரும் தூரம் அதன் தகட்டின் கனத்துக்குச் சமம், பெரும்பாலான டேப்களில் சுமார் 1 மி.மீ. பலகையின் ஓரத்தில் மாட்டி இழுக்கும்போது கொக்கி வெளியே வருகிறது. அப்போது பூஜ்யம் கொக்கியின் உள்பக்கத்தில் இருக்கும். சுவரில் முட்டி அளக்கும்போது கொக்கி உள்ளே தள்ளப்படுகிறது. அப்போது பூஜ்யம் வெளிப்பக்கத்துக்கு வந்துவிடும். இரண்டு விதமாக அளந்தாலும் ஒரே விடை வருவதற்காகச் செய்த ஏற்பாடு இது. தட்டி இறுக்கினால் இரண்டில் ஒன்று நிரந்தரமாக 1 மி.மீ. பொய் சொல்லும்.

ஆட்டம் முன்னும் பின்னுமாக இருக்கும்வரை கவலையில்லை. பக்கவாட்டில் ஆடினால், அல்லது கொக்கி 90 பாகையில் நிற்காமல் வளைந்திருந்தால், அந்த டேப்பைச் சந்தேகப்படலாம். லாக்கை விட்டதும் பட்டை 'சடார்' என்று உள்ளே போய் மோதுகிறதே, அந்த அடியில்தான் கொக்கி வளைகிறது, துளை அகலமாகிறது. கடைசி ஒரு சாண் வரும்போது விரலால் வேகத்தைத் தடுத்து உள்ளே விட்டால் டேப்பின் ஆயுள் கூடும்.

இனி அந்த 2 நூல் கணக்கு. ஒரு அங்குலத்துக்கு 8 நூல், ஆகவே 2 நூல் என்பது கால் அங்குலம், 6.35 மி.மீ. தரமான டேப்பின் தொடக்கத்தில் உரோமன் எண்ணில் I, II, III என்று ஒரு வகுப்புக் குறி அச்சிட்டிருக்கும். அந்த டேப் எவ்வளவு பிசகலாம் என்பதற்கான எல்லை அது. நீளத்தை மீட்டரில் எடுத்து அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்திக்கொண்டால், இரண்டாம் வகுப்புக்கு 0.3 மி.மீ.யோடு மீட்டருக்கு 0.2 மி.மீ. சேரும், மூன்றாம் வகுப்புக்கு 0.6 மி.மீ.யோடு மீட்டருக்கு 0.4 மி.மீ. 12 அடி என்பது 3.66 மீட்டர், 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகுப்பு டேப் ±1.1 மி.மீ. வரை பிசகலாம், மூன்றாம் வகுப்பு ±2.2 மி.மீ. இரண்டு மூன்றாம் வகுப்பு டேப்கள் எதிரெதிர்த் திசையில் உச்சம்வரை தப்பினாலும் வித்தியாசம் 4.4 மி.மீ.தான் வரும். 6.35 வராது. வகுப்புக் குறி உள்ள டேப்கள் என்றால் தவறு தொழிற்சாலையில் இல்லை, உங்கள் அறைக்குள்தான் நடந்திருக்கிறது.

எங்கே நடந்திருக்கும் என்று ஊகிப்பதும் சிரமமில்லை. உள்ளகலம் அளக்கும்போது பட்டை எதிர்ச் சுவரில் முட்டி வளைந்து மேலே ஏறும். வளைவில் எந்தக் கோட்டைப் படிப்பது என்பது கண் மதிப்பு. ஒருவர் வளைவின் தொடக்கத்தைப் படிப்பார், இன்னொருவர் மூலையைக் கற்பனை செய்து படிப்பார். 3 மி.மீ., 5 மி.மீ. அங்கேயே போய்விடும். பட்டை நடுவில் தொய்ந்திருந்தால் அளவு இன்னும் கூடும். சுவரில் பூச்சு உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

உள்ளளவுக்கு மூன்று வழி உண்டு. டேப் டப்பாவின் பக்கத்தில் 70 மி.மீ., 80 மி.மீ. என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். அது டப்பாவின் நீளம். டப்பாவின் முதுகைச் சுவரில் ஒட்டிவைத்து, வாயில் தெரியும் அளவோடு அந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். அல்லது தரையில் நடுவே பென்சிலால் ஒரு கோடு போட்டு, இடது சுவரிலிருந்து கோடுவரை, வலது சுவரிலிருந்து கோடுவரை என இரண்டாக அளந்து கூட்டலாம். இது இன்னும் சுத்தம். மூன்றாவது, பழைய ஆசாரிமார் செய்வது: எண்ணே வேண்டாம் என்று விட்டுவிடுவது. இரண்டு மெல்லிய மர ரீப்பர்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரு முனைகளும் இரு சுவர்களைத் தொடும்வரை நகர்த்தி, சேருமிடத்தில் ஒரு கோடு கிழித்து, அதைப் பட்டறைக்கே எடுத்துப் போய்விடுவார்கள். அளவைப் படித்து, நினைவில் வைத்து, எழுதி, மறுபடி படிக்கிற நான்கு இடங்களிலும் தவறு வரலாம். ரீப்பர் தவறாகப் படிக்காது. அலமாரி, ஜன்னல் போன்ற இறுக்கமான பொருத்தத்துக்கு இதைவிட நல்ல முறை இல்லை.

அலுமினியம், யுபிவிசி ஜன்னலுக்கு வெளியே அளவு கொடுப்பதாக இருந்தால் அகலம் மூன்று இடத்தில், உயரம் மூன்று இடத்தில், இரண்டு மூலைவிட்டம் என எட்டு எண்களை எழுதுங்கள். அகலத்திலும் உயரத்திலும் மிகச் சிறியதை எடுத்து, பக்கத்துக்கு 5 மி.மீ. கழித்துக் கொடுத்தால் சட்டம் உள்ளே போகும், இடைவெளியை சிலிகான் அடைத்துக்கொள்ளும். மூலைவிட்டங்கள் இரண்டும் ஒத்துவராவிட்டால் திறப்பு சாய்ந்து நிற்கிறது. பூச்சில் சரிசெய்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

இந்த எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு, இரண்டு நூலைவிடப் பெரியது. திருவிதாங்கூர் மரபில் பழகிய ஆசாரி கோல், விரல் கணக்கில் நினைப்பார். 1 கோலுக்கு 24 விரல், 1 விரலுக்கு 8 யவம். இன்றைய வழக்கில் 1 விரல் 3 செ.மீ., 1 கோல் 72 செ.மீ. அந்த விரலை அவர் அங்குலம் என்றும் சொல்வார். தமிழ்நாட்டுக் கொத்தனாருக்கு அங்குலம் என்றால் இன்ச், 2.54 செ.மீ. ஆசாரி வாசல் அகலத்துக்கு '40 அங்குலம்' என்று வாய்மொழியாகச் சொல்லி, அதாவது 1 கோல் 16 விரலை மனதில் வைத்துச் சொல்லி, கொத்தனார் அதை இன்ச் என்று எடுத்துக்கொண்டால், 120 செ.மீ. வரவேண்டிய திறப்பு 101.6 செ.மீ.யில் நிற்கும். 18 செ.மீ.க்கு மேல் போயிற்று. நிலை வந்து இறங்கிய பிறகு சுவரை உடைப்பதைத் தவிர வழியில்லை.

கேரளத்தில் கோல், விரல் அச்சிட்ட டேப்களே விற்கிறார்கள். ஒரு ஓரத்தில் செ.மீ., மறு ஓரத்தில் கோலும் விரலும் இருக்கும். மனைக்கணக்கு பார்த்துக் கட்டுகிறவர்களுக்கு அறையின் சுற்றளவு குறிப்பிட்ட கோல், விரலில் வந்தே ஆகவேண்டும் என்பதால் இது தேவையாகிறது. அப்படிச் சுற்றளவு 15 கோல் 8 விரல் என்று குறித்துக் கொடுத்தால், அது 1104 செ.மீ.; அடியில் 36 அடி 2 அங்குலம் 5 நூல், அதற்கும் ஒரு மயிரிழை கூட. இதைக் கொத்தனாருக்காக அடியாக்கி, அவர் முழு அங்குலமாக்கி, ஆசாரி மறுபடி விரலாக்கி என்று மாற்றி மாற்றிப் போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் உதிரும். செய்யவேண்டியது எளிது. வேலை தொடங்கும்போதே எல்லா அளவும் மி.மீ.யில்தான் என்று தாளில் எழுதி இருவரிடமும் கொடுத்துவிடுங்கள். அவர்கள் தங்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், சுவரில் எழுதுவது மி.மீ.யாக இருக்கட்டும். அடியில்தான் எழுதுவேன் என்றால் '5.6 அடி' என்று புள்ளி வைத்து எழுத விடாதீர்கள். ஒருவர் அதை 5 அடி 6 அங்குலம் என்பார். கால்குலேட்டர் அதை 5 அடி 7.2 அங்குலம் என்று எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவு குழப்பமும் டேப் வந்ததால் வந்ததா என்றால், இல்லை. டேப் வந்து குறைந்த குழப்பம்தான் மிச்சமிருப்பது. அதற்கு முன் கோல், கயிறு, சங்கிலி. தமிழகக் கோயில் சுவர்களில் அந்தந்த ஊர் நிலமளக்கும் கோலின் நீளத்தைக் கல்லில் வெட்டிவைத்ததைப் பார்க்கலாம். தகராறு வந்தால் கோலைக் கொண்டுவந்து அந்தக் கல்லோடு வைத்துப் பார்க்க வேண்டியதுதான். கயிறு நனைந்தால் சுருங்கும், இழுத்தால் நீளும். ஆகவே 1620-இல் இங்கிலாந்தில் எட்மண்ட் குண்டர் என்ற பாதிரியார், வானியல் பேராசிரியரும்கூட, 66 அடி நீளத்தில் 100 கண்ணிகள் கொண்ட சங்கிலியை வகுத்தார். ஒரு கண்ணி 7.92 அங்குலம். 66 அடி என்று ஏன் அப்படி ஒரு ஒட்டாத எண் என்று தோன்றும். 10 சதுரச் சங்கிலி சரியாக 1 ஏக்கர் ஆகிறது, அதனால்தான். ஏக்கருக்கு 1,00,000 சதுரக் கண்ணி. அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 1,000 சதுரக் கண்ணி, நம் சென்ட். 435.6 சதுர அடி என்று புரோக்கர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை ஒப்பிக்கிற எண், நானூறு வருடத்துக்கு முந்தைய இரும்புச் சங்கிலியிலிருந்து வந்தது. நில அளவைத் துறையின் பழைய புலப்படங்களில் எல்லைக்கோட்டின் மேல் 132, 87 என்று மொட்டையாக எண் எழுதியிருந்தால் அது அடி இல்லை, மீட்டரும் இல்லை; லிங்க்ஸ், அதாவது அந்தச் சங்கிலியின் கண்ணி. 0.2012-ஆல் பெருக்கினால் மீட்டர் வரும். 132 லிங்க்ஸ் 26.55 மீட்டர்.

1802-இல் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே, இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரிய முக்கோண அளவீட்டுக்கான அடிக்கோட்டை அளந்தபோதும் கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலிதான். ஆனால் அதைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. மரத் தொட்டிகளுக்குள் கிடத்தி, தொட்டிகளைத் தாங்கிகள்மேல் மட்டம் பார்த்து வைத்து, கூடவே வெப்பமானிகளையும் வைத்து, வெயிலில் சங்கிலி எவ்வளவு நீள்கிறது என்று கணக்கிட்டு அளவைத் திருத்திக்கொண்டார்கள். ஏழரை மைல் தூரம் இப்படி. தொய்வும் சூடும்தான் அளவின் இரண்டு எதிரிகள் என்பதை அன்றைக்கே புரிந்துவைத்திருந்தார்கள்.

சங்கிலியை ஒழித்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு எஃகு. அங்கே ஜேம்ஸ் செஸ்டர்மேன் என்பவர் நீளமான தட்டை எஃகுப் பட்டையைப் பதப்படுத்தும் வழி கண்டார். அதே பட்டைதான் அக்கால ஐரோப்பியப் பெண்களின் குடைப் பாவாடைக்கு உள்வளையமாகவும் போனது. அதில் அளவு குறித்துச் சர்வேயர்களுக்கு விற்றார். சங்கிலியைவிட எடை மிகக் குறைவு, கண்ணிக்குக் கண்ணி தேய்ந்து நீள்கிற தொல்லையும் இல்லை. 1868-இல் அமெரிக்காவின் நியூ ஹேவனைச் சேர்ந்த ஆல்வின் ஃபெலோஸ், இழுத்த பட்டையை வேண்டிய இடத்தில் நிறுத்திப் பிடிக்கும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் கையில் இருக்கும் லாக்கின் மூதாதை அது. 1922-இல் ஹைரம் ஃபாரண்ட் காப்புரிமை பெற்றதுதான் எனக்கு எல்லாவற்றிலும் அழகான வேலையாகப் படுகிறது: பட்டையைக் குறுக்குவாட்டில் லேசாகக் குழித்துவிட்டார். குழிவான தகடு விறைத்து நிற்கும். ஒரு ஆள் தனியாக நின்று பட்டையைக் காற்றில் நீட்டி மேல்தளத்தைத் தொட முடியும். சுருட்டும்போது குழிவு தட்டையாகிச் சுருளுக்குள் அடங்கும். டேப்புக்கு எதிர்முனையில் ஆள் பிடிக்கவேண்டிய அவசியம் அதோடு போயிற்று. அப்படியும் மடக்குக்கோலை ஆசாரிமார் சட்டென்று கைவிடவில்லை, அது வேறு கதை.

அந்தக் குழிவுதான் டேப்பின் உயிர் என்பதால், பட்டை ஒருமுறை மடிந்து தழும்பு விழுந்தால் அந்த இடத்தில் விறைப்பு போய்விடும். அளவு உடனே தப்பாது, ஆனால் அங்கேயே மறுபடி மறுபடி மடிந்து கடைசியில் ஒடியும். அகலமான பட்டை அதிக தூரம் விறைத்து நிற்கும். 3 மீட்டர் டேப்பில் பெரும்பாலும் 13 அல்லது 16 மி.மீ. பட்டை, 5 மீட்டரில் 19 அல்லது 25. வீட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்குவதானால் 5 மீட்டர், 19 மி.மீ. பட்டை, இரண்டாம் வகுப்புக் குறியோடு, ஒரு ஓரம் மி.மீ. மறு ஓரம் அங்குலம் போட்டதை வாங்குங்கள். 8 மீட்டர் டேப் பையை இழுக்கும். அந்த நீளத்துக்கு வேறு டேப் இருக்கிறது.

கடையிலேயே சோதிக்க ஒரு நிமிடம் போதும். எஃகு ஸ்கேல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன்மேல் டேப்பை ஒருமுறை கொக்கி மாட்டியும் ஒருமுறை முட்டியும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வரவேண்டும். 1 மீட்டர் கோடு எதிர் ஓரத்தில் 39 அங்குலம் 3 நூலில் விழ வேண்டும். ஏற்கெனவே வைத்திருக்கும் டேப்பைச் சரிபார்க்க ஜவுளிக்கடை மீட்டர் கோல் போதும். முத்திரை குத்திய கோலாக இருந்தால் அதுவே ஊருக்குள் கிடைக்கிற நல்ல சாட்சி.

கடைக்கால் தோண்டும் முன் மூலை சதுரம் பார்ப்பதில் டேப் தப்பாவிட்டாலும் முறை தப்பும். மூணு, நாலு, அஞ்சு எல்லாக் கொத்தனாருக்கும் தெரியும்: ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை செங்கோணம். அதை 3 அடி, 4 அடியிலேயே நிறுத்திவிடுவதுதான் தவறு. குறுக்களவில் 2 நூல் பிசகினால் கோணம் திரும்பி, 40 அடிச் சுவரின் மறுமுனை 4 அங்குலத்துக்குமேல் விலகி நிற்கும். அதையே 12, 16, 20 அடியாகப் பெருக்கி வைத்துப் பார்த்தால், அதே 2 நூல் பிசகுக்கு மறுமுனை 1 அங்குலம்தான் விலகும். இடம் இருக்கிற மட்டும் பெரிய முக்கோணம் போடச் சொல்லுங்கள். நூல் கட்டி முடித்தபின் முழு மனைக்கும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து ஒப்பிட்டுவிட்டுத்தான் மண்வெட்டி எடுக்க வேண்டும். மூலைவிட்டம் எடுக்கும்போது டேப் மண்ணிலோ செடியிலோ படாமல் நிற்கவேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி நிலம். இங்கே பெரும்பாலும் 30 மீட்டர் ஃபைபர் டேப்தான் வருகிறது. மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, பூஜ்யம் எங்கே? சில டேப்பில் நுனி வளையத்தின் வெளி விளிம்பே பூஜ்யம். சிலவற்றில் வளையத்துக்குப் பின் பட்டையில் தனியாகக் கோடு போட்டிருக்கும். இரவல் வாங்கிய டேப் என்றால் முதலில் இதைப் பாருங்கள். நுனி அறுந்துபோய் 10 செ.மீ. வெட்டித் தைத்த டேப்களும் ஊரில் உலவுகின்றன.

இரண்டு, தொய்வு. 10 மி.மீ. அகலம், 0.2 மி.மீ. கனமுள்ள 30 மீட்டர் எஃகு டேப்பை 5 கிலோ விசையில் இழுத்துப் பிடித்தாலே நடுவில் ஒரு அடிக்குமேல் தொங்கும். அளவு சுமார் 1 செ.மீ. கூடுதலாகக் காட்டும். கை வலிக்கிறது என்று 2 கிலோ விசைக்குத் தளர்த்தினால் ஆறேழு செ.மீ. கூடிவிடும். ஃபைபர் டேப் எடை குறைவு, தொய்வும் குறைவு. ஆனால் ஓங்கி இழுத்தால் அதுவே நீளும். வெயில் இதற்குமுன் ஒன்றுமில்லை. 20 பாகை செல்சியஸில் சரியான 30 மீட்டர் எஃகு டேப் 40 பாகையில் 7 மி.மீ. நீளும், அவ்வளவுதான்.

மூன்று, சரிவு. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதுதான் முக்கியம். புலப்படத்தில் இருப்பது கிடைமட்ட தூரம். ரப்பர் விளையில், அதாவது தோட்டத்தில், சரிவின்மேல் டேப்பைப் போட்டு அளந்தால் எப்போதும் கூடத்தான் வரும். 20 மீட்டருக்கு 3 மீட்டர் ஏறுகிற சரிவென்றால் உண்மையான கிடைமட்ட தூரம் 19.77 மீட்டர், 23 செ.மீ. கூடுதல். பக்கத்து விளைக்காரரோடு சண்டை வர 23 செ.மீ. தாராளம். சரிவில் டேப்பை நான்கைந்து மீட்டராகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் மட்டமாகப் பிடித்து, இறக்கப் பக்கத்து முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, குண்டு தொட்ட இடத்தில் முளை அடித்து, படிப்படியாக இறங்க வேண்டும்.

பரப்புக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. நான்கு பக்கத்தை மட்டும் அளந்து, எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கிச் சென்ட் சொல்வது தரகர் வழக்கம். நான்கு பக்கம் மட்டும் தெரிந்தால் பரப்பு நிச்சயமாகாது. சட்டம் சாய்ந்தால் பக்கம் மாறாது, பரப்பு குறையும். நாலு பக்கமும் 60 அடி உள்ள மனை சரியான சதுரமாக இருந்தால் 3,600 சதுர அடி, 8.26 சென்ட். அதே மனையின் ஒரு மூலைவிட்டம் 75 அடி வந்தால் பரப்பு சுமார் 3,513 சதுர அடி, 8.06 சென்ட். ஐந்தில் ஒரு சென்ட் காற்றில் போயிற்று. சராசரி முறை எப்போதும் விற்கிறவருக்குத்தான் சாதகம், குறைத்துக் காட்டவே காட்டாது. ஒரு மூலைவிட்டத்தையும் அளந்து, மனையை இரண்டு முக்கோணமாக்கிக் கணக்குப் போடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் நிலம் என்றால் ஆவணத்தில் ஆர் இருக்கும்: 1 ஆர் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். 4.05 ஆர் என்று கண்டால் 10 சென்ட்.

இவ்வளவும் உங்கள் திருப்திக்குத்தான். எல்லைக்கல் தகராறு என்றால் டேப்பை மடித்து வைத்துவிட்டு சர்வேயருக்கு மனு கொடுப்பதே முறை.

இந்தப் பக்கத்தில் டேப் தினம் புழங்குகிற இன்னும் இரண்டு இடம்: மரமில்லும் ரப்பர் விளையும். உருட்டு மரத்துக்குக் கனஅடி போடும் சூத்திரம், நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, அடியில் உள்ள நீளத்தால் பெருக்கி, 2,304-ஆல் வகுப்பது. 60 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 15.6 கனஅடி. சுற்றளவு 61 என்று படித்தால் 16.15. ஒரு அங்குலத்துக்கு அரைக் கனஅடி விலை கொடுக்கிறீர்கள், ஆகவே டேப் மரத்தைக் குறுக்கே நேராகச் சுற்றியிருக்கிறதா, சாய்வாகச் சுற்றியிருக்கிறதா, மரப்பட்டையின்மேல் சுற்றியிருக்கிறதா, நடுவில்தான் சுற்றியிருக்கிறதா என்று நின்று பாருங்கள். இந்தக் கணக்கு மரத்தின் உண்மையான கனஅளவில் 78.5 சதவீதத்தைத்தான் காட்டும். அறுவையில் போகும் சிராய்க்கான கழிவு அதிலேயே அடக்கம். தனியாகக் கழிவு கேட்டால் இரண்டு முறை கேட்கிறீர்கள் என்று மில்காரருக்குத் தெரியும்.

ரப்பரில் ஒட்டுக் கன்று மரம் பால்வெட்டுக்குத் தயாரா என்பதை வயது சொல்லாது, டேப் சொல்லும். ஒட்டுச் சேர்ந்த இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. இருக்க வேண்டும். விளையில் 70 சதவீத மரம் அந்த அளவை எட்டியபின் பால்வெட்டு தொடங்குவதே ரப்பர் வாரியம் சொல்லும் முறை. இதற்குத் தையல்காரரின் இஞ்ச் டேப் வசதி. குழிந்த எஃகுப் பட்டை மரத்தைச் சுற்ற வளையாது, வளைத்தால் தழும்பு விழும். துணி டேப் என்றால் நீண்டிருக்கிறதா என்று முதலில் எஃகு ஸ்கேலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

லேசர் வாங்கலாமா என்றும் யோசிப்பீர்கள். அறைக்குள் நன்று; ±2 மி.மீ. அளவில் தனி ஆளாக உள்ளளவு எடுத்துவிடலாம், மூலையில் பட்டை வளைகிற தொல்லையே இல்லை. உச்சி வெயிலில் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. கருவியின் முன் விளிம்பிலிருந்தா பின் விளிம்பிலிருந்தா என்ற அமைப்பை யாராவது மாற்றி வைத்திருந்தால் கருவியின் நீளம் முழுவதும் பிசகும்.

கொளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோரத்தில் வேலை நடந்தால் பட்டையை உள்ளே விடுமுன் துணியால் துடையுங்கள். உப்பீரமும் மணலும் சுருளுக்குள் போனால் முதலில் போவது அச்சு, அதுவும் அடிக்கடி புழங்குகிற முதல் ஒரு மீட்டரில். எண் அழிந்தால் அந்த டேப்பின் வேலை முடிந்தது. பட்டை உள்ளே போகாமல் நின்றுவிட்டால் டப்பாவைத் திருகிப் பிரிக்க வேண்டாம்; உள்ளே இறுகிக் கிடக்கும் சுருள்வில் கையை அறுத்துவிடும். புது டேப்பின் விலை தையல் போடுகிற செலவைவிடக் குறைவு.